பந்து பிடிக்கும் உத்தியோகம்

"மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?"

கேட்டவர் ஹனீபா ராவுத்தர். கம்பத்தில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு மொத்த வியாபாரி. அவர் மகளைப் பெண் கேட்டு உத்தமபாளையத்திலிருந்து போயிருந்தோம். என் அத்தா தொண்டையைச் செருமினார். கூட வந்த பெரியத்தா, மிக்சருக்குள் முந்திரி தேடுவதில் திடீரென்று மும்முரமாகிவிட்டார். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"பேஸ்பால் விளையாடுறேன் மாமா."

"நல்லது. ஒடம்புக்கு ஆரோக்கியம். நான் உத்தியோகம் என்னன்னு கேட்டேன்."

"அதுதான் மாமா உத்தியோகம். மாசாமாசம் சம்பளம் தாராக."

ராவுத்தர் என்னை விட்டுவிட்டு என் அத்தாவைப் பார்த்தார். அத்தா இன்னொரு முறை செருமினார்.

"விளையாடுறதுக்குச் சம்பளமா? யாரு தாராக?"

"குமுளிக்கு மேல ஒரு ஏலத்தோட்ட முதலாளி."

"ஜெயிச்சாத் தாராகளா, தோத்தாலும் தாராகளா?"

"ரெண்டுக்கும் ஒரே சம்பளந்தான்."

"அப்புறம் எதுக்குப்பா கஷ்டப்பட்டு ஜெயிக்கணும்?"

நான் எத்தனையோ பயிற்சியாளர்களிடம் ஆடியிருக்கிறேன். இவ்வளவு ஆழமான கேள்வியை அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ராவுத்தர் வியாபாரி அல்லவா, அதோடு விடவில்லை.

"சரி, பந்து பட்டு கை கால் ஒடஞ்சா யாரு பொறுப்பு?"

"கேட்டுச் சொல்றேன் மாமா" என்றேன்.

பெரியத்தா முந்திரியை மென்றபடியே கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தம் கைநழுவிவிட்டது என்று எழுந்து வந்தோம். மறுவாரம் சம்மதம் என்று ஆள் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை, எனக்கும்தான்.

காரணத்தை மெகர், அதாவது அந்த வீட்டுப் பெண், கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். "வந்த மாப்பிள்ளைக எல்லாம் அத்தா கேட்டதுக்கு மளமளன்னு பதில் சொன்னாக. தெரியாதத தெரியாதுன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதான். புளுகத் தெரியாத ஆளு, வீட்டுல வச்சுக்கிறதுக்கு லேசுன்னு நெனச்சேன்."

இப்படித்தான் என் கல்யாணம் நிச்சயமானது.

இறகு வைத்த பந்தா?

சென்ற வாரம் இதே பத்திரிகையில் என் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, தொலைபேசியில் ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். "சார், பேஸ்பால்ங்கிறது இறகு வச்ச பந்தா, கூடையில போடுற பந்தா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப அது எங்க சார் இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. பதினைந்து வருஷம் அதையே பிழைப்பாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கே சரியாகத் தெரியாது.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவன் பந்தை எறிவான். இன்னொருவன் உருண்டை மட்டையால் அதை அடித்துவிட்டு, மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவான். மைதானத்தில் நான்கு மூலையில் நான்கு பேஸ். எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வதற்காக இவ்வளவு பாடுபடும் ஆட்டம் உலகத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

என் வேலை அவனை ஓடவிடாமல் செய்வது. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஆளுக்கு ஷார்ட் ஸ்டாப் என்று பெயர். தரையோடு சீறி வரும் பந்தைக் குனிந்து அள்ளி, நிமிராமலே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அங்கே நம் ஆள் பேஸை மிதித்துக்கொண்டு நிற்பான். அடித்தவன் வந்து சேர்வதற்குள் பந்து அவன் கைக்குப் போய்விட்டால் அடித்தவன் அவுட். பந்து தாமதமானால் அன்றைக்கு டீக்கடையில் நம் பெயர் அவுட்.

இடம் காலியாக இருந்தது

இந்த ஆட்டத்துக்கு நான் திறமையால் வந்தேன் என்று எழுத ஆசைதான். கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியரிடம் போய், கிரிக்கெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றேன். "அதுல ஒனக்கு முன்னால ஊரே நிக்குது. பேஸ்பால்ல எடம் காலியா இருக்கு, சேரு" என்றார்.

எத்தனை இடம் காலி என்று கேட்டேன்.

"எல்லா எடமும்."

முதல் நாள் மைதானத்துக்கு வந்தவர்களில் சுருளிப்பட்டி முருகேசனும் ஒருவன். திராட்சைத் தோட்டக்காரர் மகன். ஆள் குட்டை, வாய் மட்டும் சுருளி அருவி. பந்து வந்தாலும் பேசுவான், வராவிட்டாலும் பேசுவான். எதிரணி ஆள் பேஸில் வந்து நின்றால், "எந்த ஊருண்ணே? சாப்பிட்டீகளா?" என்று ஆரம்பிப்பான். பதில் சொல்லிக்கொண்டே அந்த ஆள் அவுட் ஆகிப் போவான்.

அவன் இரண்டாவது பேஸ், நான் ஷார்ட் ஸ்டாப். நான் பந்தை எடுத்துப் பார்க்காமலே தட்டிவிடுவேன், அவன் அங்கே இருப்பான். எப்படி இருப்பான் என்று இரண்டு பேருமே யோசித்ததில்லை. எங்கள் கல்லூரி அணி மாநிலப் போட்டி வரை போனது. அதில் எங்கள் திறமை பாதி, பல மாவட்டங்களில் அணியே இல்லாதது பாதி.

படிப்பு முடிந்தது. இரண்டு பேர் கையிலும் சான்றிதழ் கற்றை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். விண்ணப்பம் போட்ட இடமெல்லாம், பேஸ்பால் எங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கா போய் வந்த முதலாளி

அப்போது வந்து சேர்ந்தார் சாக்கோ முதலாளி.

குமுளிக்கு மேலே அவருக்குப் பரம்பரை ஏலத்தோட்டம். நடுவில் சில வருஷம் அமெரிக்காவில் இருந்தார். அங்கே போனவர்கள் கார் வாங்குவார்கள், வீடு வாங்குவார்கள். இவர் ஒரு பெட்டி நிறையத் தோல் கையுறையும் மட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். மலையில் சமதரை ஏது? அதனால் கீழே கூடலூரில், சோளம் எடுத்த காட்டை வாங்கிச் சமன்படுத்தி மைதானம் ஆக்கினார். எங்களைத் தேடிக் கல்லூரிக்கு ஆள் அனுப்பினார்.

"சிக்கந்தரே" என்றார் என்னிடம். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. "அமெரிக்கயில இந்தக் களி, இந்த ஆட்டம், காணான் அம்பதாயிரம் பேரு வந்து இரிக்கும். கூடலூர்ல ஒரு ஐநூறு பேரு வராதா?"

"வருவாக சார்" என்றான் முருகேசன், சம்பளம் எவ்வளவு என்று கேட்ட பிறகு.

இப்படியாக நாங்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனோம். அணிக்கு ஏலக்காய் ராஜாக்கள் என்று பெயர். பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, பச்சைத் தொப்பி. வரிசையாக நின்றால், குச்சி நட்டு அவரைக்கொடி படர விட்டதுபோல இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ஆட எதிரணி இல்லை.

முதலாளி அதை யோசிக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் எங்களைத் தவிர ஒரு பேஸ்பால் அணி கிடையாது. ஆக, நாங்கள் தினமும் காலையில் எங்களோடு நாங்களே ஆடினோம். தோற்றதும் நாங்கள், ஜெயித்ததும் நாங்கள். எப்போதாவது மதுரையிலிருந்தோ கேரளத்திலிருந்தோ ஏதாவது கல்லூரி அணியை, போக வர வண்டியும் பிரியாணியும் கொடுத்துக் கூட்டிவருவார். அவர்களும் பிரியாணிக்கு முன்னால் நன்றாகவே ஆடுவார்கள்.

கூட்டம் வந்தது. குமுளிக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்கள், வண்டி நிரம்பும் வரை நின்று பார்ப்பார்கள். வண்டி நிரம்பியதும் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் பல மகத்தான வெற்றிகளை லோயர்கேம்ப் தாண்டிய பிறகுதான் அவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். காலையில் மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று இறங்கும்போது, ஈர மண்ணில் பந்து வழுக்கி வரும் சத்தத்தைக் கேட்டுக் குனிகிற அந்த நொடியில், அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிறவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பந்துக்கு ஊர் தெரியாது.

கல்

கல்யாணமான மறுவருஷம் அது நடந்தது. மெகர் அப்போது ஆறு மாதம்.

சாதாரணப் பயிற்சி ஆட்டம். முருகேசன் அடித்துப் பழக்கிக்கொண்டிருந்தான். எனக்கு நேராக ஒரு பந்து தரையோடு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய பந்து. குனிந்தேன். எனக்கு இரண்டடி முன்னால், மழையில் மேலே வந்திருந்த ஒரு கல்லில் பட்டு அது எழும்பியது. அவ்வளவுதான் தெரியும். அடுத்து நான் பார்த்தது வானம், அதுவும் ஒரு கண்ணால்.

முதலாளி தானே ஜீப்பை ஓட்டினார். பின்சீட்டில் முருகேசன் மடியில் என் தலை. தேனி போய்ச் சேரும் வரை அவன் வாய் ஓயவில்லை. "மாப்ள, ஒண்ணுமில்ல மாப்ள. வீரபாண்டி வந்திருச்சு, அடுத்தது தேனிதான். கண்ணு நல்லாத்தான் இருக்கு, லேசா வீங்கிருக்கு, கொய்யாப்பழம் கணக்கா. சின்னக் கொய்யாதான்." எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, பின்னால் இருக்கும் திரையும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். படுக்கப்போட்டார்கள். வைத்தியம் முடிந்து இடது கண் கட்டைப் பிரித்தபோது நேராகப் பார்த்தால் ஓரளவு தெரிந்தது. இடது ஓரம் மட்டும், ஆவி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோலக் கலங்கி இருந்தது. "இவ்வளவு மீண்டதே பெரிசு" என்றார் டாக்டர்.

மாமனார் வந்தார். வராந்தாவில் சாக்கோ முதலாளி உட்கார்ந்திருந்தார். இருவரும் அதற்கு முன் கல்யாணத்தில் பந்தியில் மட்டுமே பார்த்துக்கொண்டவர்கள். நான் உள்ளே படுத்திருந்தேன், பேச்சு கேட்டது.

"அன்னைக்கு மாப்பிள்ளைகிட்ட ஒரு கேள்வி கேட்டேன்" என்றார் மாமனார். "ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு. இன்னும் பதில் வரல."

"ஞான்தான்" என்றார் முதலாளி. "நான்தான் பொறுப்பு ராவுத்தரே. வைத்தியம் என்னோடது. கண்ணு சரியாகற வரைக்கும் சம்பளமும் நிக்காது. சரியாகலன்னாலும் தோட்டத்து ஆபீசுல இவனுக்கு ஒரு நாற்காலி உண்டு."

நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"டீ குடிக்கிறீகளா?" என்றார் மாமனார். அவர் புண்ணாக்கு வாங்க வருகிறவர்களுக்கே டீ சொல்லாத மனுஷர்.

எலுமிச்சம்பழப் பரிசோதனை

ஓய்வு முடிந்ததும் மறுபடியும் ஷார்ட் ஸ்டாப்பில் நிற்கப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். அத்தா செருமினார். அம்மா அழுதார். மெகர் மட்டும் அடுப்படிக்குப் போய், ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகன் பிறந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. அவனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"கொல்லைப்பக்கம் வாங்க."

"எதுக்கு?"

"நில்லுங்க அங்கன. சேலை காயிற கொடிக்குப் பக்கத்துல. நேராப் பாருங்க."

முதல் பழம் நேராக வந்தது. பிடித்தேன். அடுத்தது வலப்பக்கம். பிடித்தேன். "பாத்தியா?" என்றேன்.

"பேசாம நேராப் பாருங்க."

அடுத்து எதுவும் வரவில்லை. அவள் எறிவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். கீழே பார்த்தால், என் இடது காலுக்குப் பக்கத்தில் மூன்று பழங்கள் கிடந்தன.

"எப்ப எறிஞ்ச?"

"இப்பத்தான். நீங்க பாத்துக்கிட்டேதான் இருந்தீக."

வாசலில் இருந்து அம்மா சத்தம் போட்டார். "ஏண்டி, நல்ல பழத்த எல்லாம் இப்பிடிப் போட்டு எறியிற?"

"உங்க மகனுக்குக் கண்ணு பாக்குறேன் மாமி" என்றாள் மெகர். தேனி டாக்டர் ஒரு இருட்டறையும் எந்திரமும் வைத்துச் செய்ததை, இவள் ஒரு கூடைப் பழத்தில் முடித்துவிட்டாள்.

நான் கொல்லைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடுங்கள், என் அத்தா கடைக்குப் போங்கள் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"பந்து நேரா மட்டும் வர்ற எடம் ஒண்ணும் கெடையாதா ஒங்க ஆட்டத்துல?"

இருந்தது. முதல் பேஸ். எறிகிறவன் முகத்தைப் பார்த்து நின்று, வருகிற பந்தை வாங்க வேண்டியதுதான் அங்கே முக்கிய வேலை. ஷார்ட் ஸ்டாப்காரனுக்கு அது பதவி இறக்கம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனை டிக்கெட் கிழிக்கச் சொன்னதுபோல. ஆனால் வண்டியை விட்டு இறங்கச் சொல்லவில்லையே.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "மதி மதி, ஃபர்ஸ்ட் பேஸ் போதும்" என்று முதுகில் தட்டினார். என் இடத்துக்கு முருகேசன் நகர்ந்தான். "மாப்ள, ஒன் எடத்த நான் எடுத்துக்கிறல. சும்மா பாத்துக்கிர்றேன். புரியுதா? காவலுக்கு" என்று, ஆட்டம் முழுக்க அங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தான்.

நெஞ்சால் பிடித்த பந்து

முதல் பேஸில் நான் ஒன்றும் மோசமில்லை. நேராக வந்ததை வாங்கினேன். நேராக வராதவற்றுக்காக வேண்டிக்கொண்டேன். இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது.

ஒரு தை மாதம், கேரளத்திலிருந்து நல்ல அணி ஒன்று வந்தது. பிரியாணிக்கு மயங்காத அணி. அவர்களே நடுவரையும் கூட்டிவந்திருந்தார்கள். முதலாளி வழக்கத்துக்கு மாறாகப் பேச்சே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முக்கியமான ஆட்டம், பதற்றம் என்று நினைத்துக்கொண்டோம். மாமனாரும் வந்திருந்தார். மெகர் பையனோடு ஜீப்புக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு ரன் முன்னால். அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு அவுட். ஆனால் மூன்றாவது பேஸில் ஒரு ஆள் பாய்வதற்குத் தயாராக நிற்கிறான். ஒரு அவுட் எடுத்தால் எங்களுக்கு வெற்றி. விட்டால் ஆட்டம் சமன்.

அவர்களுடைய மட்டைக்காரன் அடித்தான். பந்து தரையோடு முருகேசனிடம் போனது. அள்ளினான். எறியும்போது கால் வழுக்கியது. பந்து எனக்கு நேராக வராமல், தாழ்வாக, இடப்பக்கமாக வந்தது. வந்ததாகச் சொன்னார்கள். முருகேசன் கையை விட்டது தெரிந்தது. அப்புறம் அது கலங்கலுக்குள் போய்விட்டது.

கையுறையை எங்கே நீட்டுவது? கையை எடுத்துவிட்டு உடம்பைக் கொடுத்தேன். பந்து தரையில் குத்தி எழும்பி என் விலாவில் இறங்கியது. மூச்சு நின்றது. மண்டியிட்டு விழுந்தேன். பந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில், எங்கே போவது என்று தெரியாததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் அமுக்கினேன். கால் பேஸை விட்டு நகரவில்லை. ஓடி வந்தவன் என் மேல் தடுக்கி விழுந்தான்.

நடுவர் கையை உயர்த்தினார். அவுட்.

தொழில்முறை ஷார்ட் ஸ்டாப்பாக இத்தனை வருஷம் நான் காட்டிய நளினம், வேகம், கைத்திறன் எதையும் கூடலூர் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. விலா எலும்பால் பிடித்த அந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டது. ஜீப்காரர்கள்கூட வண்டியைக் கிளப்பாமல் விசிலடித்தார்கள். "நெஞ்சக் காட்டி வாங்குனான்யா! பயமே இல்லாத ஆளு!" என்று தூக்கிச் சுற்றினார்கள். தூக்கியவர்கள் அத்தனை பேரும் சரியாக அடிபட்ட விலாவைத்தான் பிடித்தார்கள்.

மாமனார் பக்கத்தில் வந்து, "இப்பப் புரியுது மாப்பிள்ளை. சம்பளம் சும்மா தரல" என்றார்.

வீட்டில் மெகர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தையல் போட்ட பந்தின் தடம், அந்தத் தையலோடு சேர்ந்து விலாவில் சிவப்பாகப் பதிந்திருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் வைத்தாள்.

"தெரியலைல்ல?" என்றாள்.

"தெரியல."

"நெஞ்சக் காட்டுனாகன்னு ஊரே பேசுது."

"வேற எதக் காட்டுறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. விலா வலியில் சிரிக்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை. அவள் துணியால் என் வாயைப் பொத்தினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், கொஞ்ச நேரத்தில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் நனைந்தது.

"அடுத்தது முகத்துல விழுந்தா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல முடியாது.

ராஜினாமா

மறுநாள் காலையிலேயே மலையேறினேன். சாக்கோ முதலாளி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று என்னிடம் இருந்தது. நன்றி, கண்ணீர், கௌரவம் எல்லாம் அளவாகக் கலந்த வசனம்.

"சார், நேத்து பந்து எனக்குத் தெரியல. இனிமே ஆட முடியாது" என்றேன். வசனத்தின் மிச்சம் வாயில் வரவில்லை.

அவர் என்னை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுபடியும் அதே விலா.

"எடா மோனே, தெய்வம் உன்னை அனுப்பிச்சது" என்றார்.

விஷயம் இதுதான். ஏலக்காய் விலை அதல பாதாளத்துக்குப் போயிருந்தது. அணியைக் கலைத்துவிட வேண்டும் என்று அவர் மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. நேற்றுத் தோற்றால் அதைச் சாக்காக வைத்துச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பாழாய்ப்போன பந்தை நான் நெஞ்சால் நிறுத்தி, அவர் திட்டத்தையும் நிறுத்திவிட்டேன்.

உலகத்தில் எத்தனையோ பேர் ராஜினாமா செய்கிறார்கள். என் ராஜினாமாவைப்போலச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளப்பட்டது வேறு இருக்காது.

"மத்தவங்களுக்கு நீ சொல்லிரு சிக்கந்தரே" என்றார். "என்னால முடியாது. நீ தைரியசாலி. நேத்து எல்லாரும் கண்டதாணல்லோ."

சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அமெரிக்காவில் ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டத்தை ஒரு சோளக்காட்டுக்குக் கொண்டுவந்த மனுஷர். அவரைப் பார்த்து எனக்கு எந்தக் கிண்டலும் வரவில்லை. தோட்டத்து ஆபீஸ் நாற்காலி இன்னும் இருக்கிறது என்றார். வேண்டாம் சார், மாமனார் கடையில் எனக்கு ஒரு சாக்கு மூட்டை காத்திருக்கிறது என்றேன்.

மலையிறங்கி கூடலூர் வந்தேன். மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பச்சைச் சட்டைகள் அங்கங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தன. நேற்றைய வெற்றி இன்னும் இறங்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ஒருவன் தொப்பியைக் கழற்றி உதறினான். ஒருவன் புல்லில் உட்கார்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போனார்கள்.

முருகேசன் மட்டும் போகவில்லை. மட்டையைக் கையில் எடுத்தான்.

"போய் நில்லு" என்றான்.

"எங்கன?"

"ஒன் எடத்துல."

ஷார்ட் ஸ்டாப்பில் போய் நின்றேன். விலா வலித்தது. குனிந்தேன். அவன் மெதுவாக அடித்தான். நேராக வந்தது, அள்ளினேன். வலப்பக்கம் வந்தது, எடுத்தேன். பிறகு இடப்பக்கம் ஒன்று வந்திருக்க வேண்டும். புல்லில் உரசிப் போன சத்தம் மட்டும் கேட்டது.

மட்டையைக் கீழே போட்டுவிட்டு முருகேசன் ஓடிப்போய், வேலி ஓரத்திலிருந்து அதை எடுத்து வந்தான். மறுபடியும் அடித்தான். வெயில் ஏறும் வரை அடித்தான். நான் பிடித்ததை நான் எறிந்தேன். விட்டதை எல்லாம் அவனே போய் எடுத்து வந்தான். அந்த நேரம் முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.